உன்ர பக்கம் கொஞ்சம் இழு

"அம்மா, அப்பா இதை என்னண்டு திறக்கிறவர்?"

கஜீவன் சாவியை நீட்டியபடி கூடத்து வாசலில் நின்றான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஓடி ஏறியதில் அவனுக்கு மூச்சு இரைத்தது. சாவியோடு மல்லுக்கட்டியதில் பெருவிரலில் சிவப்பாய் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க லண்டனிலிருந்து நேற்றுப் பின்னேரம் வந்து இறங்கியவன், காலை எட்டு மணிக்கு ஒரு பழைய பிக்கப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

பாலேஸ்வரி பாயில் இருந்தபடியே சாவியைப் பார்த்தாள். அதன் தலையில் போன வெள்ளிக்கிழமை அவள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

"திரும்புதில்லையோ?" என்றாள்.

"அசையுதே இல்லை. ஸ்டியரிங்கும் லொக். கராஜ் மக்கீன் நானாவும் வந்து அரை மணித்தியாலமாப் பாக்கிறார். ஒன்பது மணிக்கு அப்பாவைக் கொண்டு வந்திடுவாங்கள், அம்மா."

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சாவது லேசு. செத்த பிறகுதான் கரைச்சல். லிஃப்டுக்குள் ஆறு பேர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது. படிக்கட்டு வளைவில் பெட்டி திரும்பாது. ஆகவே பொரளையில் உள்ள மலர்ச்சாலையிலிருந்து பெட்டி வந்தால், கீழே வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில்தான் கிடத்திக் கிரியை செய்வார்கள். அதற்குக் குடியிருப்போர் சங்கம் இரண்டு மணித்தியாலம் கொடுக்கும். பதினொரு மணிக்கு எடுத்து, பன்னிரண்டு மணிக்குக் கனத்தை மயானத்தில் நேரம் குறித்தாயிற்று. கீழே மூன்று வாகனங்களுக்கு இடம் உண்டு. மற்ற இரண்டு வீட்டுக்காரரும் விடியவே தங்கள் கார்களைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டார்கள். நடுவில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. செத்தவரைக் கிடத்த இடமில்லாமல் செத்தவரின் வாகனமே குறுக்கே நின்றது.

"இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் எண்டு சும்மாவே சொன்னவங்கள்," என்று பல்கனிப் பக்கம் நின்ற ஒரு பெரியவர் சொன்னது பாலேஸ்வரியின் காதில் விழுந்தது. யாரோ உடனே அவரை அடக்கினார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். தவிர, அந்தப் பிக்கப்பைப் பற்றி அதைவிட மோசமாக அவளே வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள்.

நாகேந்திரம் காலி வீதியில் பைப்பும் பிட்டிங்கும் விற்ற மனிதர். ஐந்து வருடத்துக்கு முன் கடையை விற்றார், பிக்கப்பை விற்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாவி போடுகிற பூட்டு இறுகி நாலைந்து வருடம் இருக்கும். முதலில் மழைக்காலத்தில் மட்டும் அடம்பிடித்தது, பிறகு எல்லாக் காலத்திலும். சாவியைத் திருப்ப அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதே நேரத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க மூன்றாவது கை ஒன்றும் வேண்டியிருந்தது. அந்த மூன்றாவது கைதான் பாலேஸ்வரி. தினமும் காலை ஏழேகாலுக்கு அவருடைய தொலைபேசி கீழேயிருந்து அடிக்கும். அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போவாள்.

திங்கட்கிழமை இரவு அதைப் பற்றித்தான் சண்டை. "பூட்டை மாத்துங்கோ, இல்லாட்டி வண்டியை வித்துத் தள்ளுங்கோ. இனி உந்தப் பூட்டுக்காக நான் கீழ இறங்க மாட்டன்," என்று அவள் அறுத்து முறித்துச் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அவள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். திரையில் அவருடைய படம் வந்ததைக் கண்டாள். கையைத் துடைத்தாள், ஆனால் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. இன்னொருமுறை அடித்திருந்தால் எடுத்திருப்பாள். அவர் இன்னொருமுறை அடிக்கவில்லை. எட்டு மணிக்குக் கிட்டக் காவலாளி சுனில் "நோனா, நோனா" என்று கத்திக்கொண்டு படியேறி வந்தான். அவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

மாரடைப்பு, சில நிமிடத்துக்குள் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சில நிமிடம் எது என்று அவள் கேட்கவில்லை. தொலைபேசி அடித்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. பூட்டுக்குத்தான் கூப்பிட்டாரா, நெஞ்சுவலிக்குக் கூப்பிட்டாரா? இரண்டு நாளாக இந்த ஒரு கேள்வியே உள்ளே கிடந்து உருண்டது. சொன்ன சொல்லில் நிற்பது பெரிய குணம் என்று சொல்லி வளர்த்தவர்களை அவள் மனதுக்குள் திட்டினாள்.

"அது தனி ஆளுக்குத் திரும்பாது," என்று சொல்லிக்கொண்டு பாயில் கையூன்றி எழும்பினாள். "நான் வாறன்."

நாகேந்திரத்தின் தங்கை சற்குணதேவி குறுக்கே வந்தாள். "என்ன கதை இது மச்சாள்? பிரேதம் வாசலுக்கு வர முன்னம் நீங்கள் எழும்பிப் படியிறங்கிறதோ? கீழ அவ்வளவு ஆம்பிளையள் நிக்கினம். சனம் என்ன சொல்லும்?"

"அந்தச் சனம் இவ்வளவு நேரமும் தள்ளிப் பாத்ததுதானே. அசைஞ்சுதோ?"

"நீங்கள் போய் என்ன செய்யப் போறியள்?"

"செவ்வாக்கிழமை செய்யாததைச் செய்யப் போறன்," என்று பாலேஸ்வரி சொன்னாள். சற்குணதேவிக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் வழிவிட்டாள்.

லிஃப்டில் கஜீவன் தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியில் அவளுடைய நெற்றிக் குங்குமம் தெரிந்தது. இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு அது இருக்கும். அவள் கண்ணாடியைப் பார்க்காமல் மாடி இலக்கங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே பிக்கப்பின் முன் சில்லு தூண் பக்கமாய் முறுகி நின்றது. அப்படியே தள்ளினால் தூணில்தான் போய் மோதும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சுற்றி நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லி ஓய்ந்துபோயிருந்தார்கள். மக்கீன் மட்டும் சாரதிப் பக்கக் கதவைத் திறந்துவைத்து, நிலத்தில் முழந்தாளிட்டு, டோர்ச் அடித்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி அவருக்குக் கராஜ். இருபது வருடமாய் இந்தப் பிக்கப்பின் வைத்தியர் அவர்தான்.

அவளைக் கண்டதும் எழும்பினார். "அம்மா, நீங்க ஏன் வந்தீங்க? ஐயா மேல சாஞ்சதுல ஸ்டியரிங் முறுகி லொக் விழுந்தீக்கி. பூட்டும் உள்ளுக்கு இறுகி ஈக்கி. கிரைண்டர் வெச்சி வெட்ட ஏலும், ஆனா ஒரு மணித்தியாலம் போகும். ஐயா வார நேரத்துல அந்தச் சத்தம் வாணாமேண்டு பாக்குறேன்."

"வெட்ட வேண்டாம், தம்பி. நீங்கள் அவற்ர இடத்தில ஏறுங்கோ. நான் இந்தப் பக்கம் ஏறுறன்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாலேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. இடது கதவைத் திறந்து, வலது காலை முதலில் வைத்து, முழங்காலைக் கையால் தூக்கி மற்றக் காலையும் ஏற்றினாள். இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடமாகிறது. அவளுக்கென்று அவர் வாங்கிப் போட்ட சின்ன மெத்தை இருக்கையில் அப்படியே கிடந்தது. வண்டிக்குள் அவருடைய வாசம் இல்லை. எண்ணெயும் வெயிலில் காய்ந்த றெக்சினும்தான் மணத்தன. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

மக்கீன் சாரதி இருக்கையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் பட்டும் படாமலும் இருந்தார்.

"சாவியை முழுக்க உள்ள தள்ளாதேங்கோ. ஒரு நெல்லளவு வெளிய இழுத்துப் பிடியுங்கோ. மற்றக் கையால பூட்டுக்கு அடியில தட்டுங்கோ. பலமா இல்லை, கதவைத் தட்டுற மாதிரி. ஸ்டியரிங்கை நீங்கள் தொட வேண்டாம். அது என்ர வேலை."

இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பைப் பிடித்தாள். அந்த இடத்தில் கறுப்பு மங்கி வழுவழுப்பாய் இருந்தது. அவளுடைய கை தேய்த்த இடம்.

உன்ர பக்கம் கொஞ்சம் இழு. இழு. பிடி. இப்ப விடு. தினமும் அவர் சொல்லுகிற நாலு வார்த்தை. இழுக்கிறது யாருக்கும் முடியும். விடுகிற இடத்தில்தான் சூட்சுமம். இழுத்துப் பிடித்திருக்கும்போது உள்ளங்கைக்குள் 'துக்' என்று ஒரு சின்ன அதிர்வு வரும். அது வந்த கணமே விட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பூட்டு திரும்பாது.

"தட்டுங்கோ," என்றாள்.

முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் அவள் முந்திவிட்டாள். வெளியே யாரோ நேரம் சொன்னார்கள். எட்டு முப்பத்தைந்து. அவள் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பின் பாரத்தை முழுக்கத் தன் பக்கம் சாய்த்து இழுத்தாள். மக்கீன் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளங்கைக்குள் 'துக்' என்றது. விட்டாள்.

சாவி திரும்பியது.

"திரும்பிட்டுது!" என்று கஜீவன் வெளியே கத்தினான். பிறகு, சாவீட்டில் இப்படிச் சந்தோஷமாய்க் கத்தியதற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"பொறுங்க, இப்பவே தள்ள வாணாம்," என்றார் மக்கீன். "திரும்ப லொக் விழுந்தா எல்லாம் வீண். பூட்டக் கழட்டி எடுத்திட்டா அந்தப் பயமில்ல. ரெண்டு நிமிஷம்." கஜீவன் ஆட்களை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து நிறுத்தப் போனான்.

மக்கீன் மெல்லிய கம்பி ஒன்றைப் பூட்டின் பக்கத்துத் துளைக்குள் விட்டு அழுத்தி, சாவியோடு சேர்த்து இழுத்தார். சுண்டுவிரல் நீளத்துக்குப் பூட்டின் உள்பாகம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைத் துணியில் வைத்து டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தார். பல்லிடுக்கெல்லாம் மஞ்சளும் கபிலமுமாய் ஏதோ அடைந்து, பலாப்பிசின் போல இறுகியிருந்தது. லேசாய் மணத்தது. அந்த மணத்தை அவளுக்குத் தெரியும். பூசை அறையில் தினமும் மணக்கிற மணம்.

"இது சந்தனமெல்லோ," என்றாள்.

மக்கீன் தலையைச் சொறிந்தார். சொல்லுவதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது.

"ஓம் அம்மா. நீங்க வெள்ளிக்கெழமையில சாவிக்கும் பூட்டுக்கும் பொட்டு வெக்கிறீங்கல்ல, அது ஈரத்தோட உள்ளுக்குப் போயீக்கி. ஆனா சந்தனம் மட்டுமிண்டா காஞ்சி கொட்டிரும். ஐயா அதுக்கு மேல தேங்காண்ணெ உட்டீக்கார், இளகட்டுமிண்டு. ரெண்டும் சேந்துதான் இப்பிடி ஒட்டிக்கிச்சி. பாதி அவர்ட வேல."

வருடக்கணக்காய் இந்தப் பூட்டை அவள் கரித்துக் கொட்டியிருக்கிறாள். வாய் திறந்து ஒரு நாள், உன்ர சந்தனம்தான் காரணம் என்று அந்த மனிதர் சொன்னாரா? சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாளா என்பது வேறு கதை.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். நான் அப்பவே சென்னேன். புதுப் பூட்டும் வாங்கிக் குடுத்தேன். அந்தப் பெட்டியத் தொறந்து பாருங்க."

டாஷ்போர்ட் பெட்டி அவளுக்கு நேரே, முழங்காலுக்கு மேலே இருந்தது. எத்தனையோ காலை அதன் முன்னால் இருந்திருக்கிறாள், திறந்ததில்லை. திறந்தாள். வாகனப் புத்தகம், ஒரு பழந்துணி, பாதி தின்ற இஞ்சி இனிப்புப் பொட்டலம். டாக்டர் வேண்டாமென்ற இனிப்பு. அதற்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புதுப் பூட்டு. இரண்டு புதுச் சாவியும் அதில் தொங்கின. உறை பிரிக்கப்படவில்லை.

"எப்ப வாங்கினது?"

"ரெண்டு வருஷமாகுது. உங்களுக்கு முழங்கால் ஆப்ரேஷன் செஞ்சாங்களே, அதுக்குப் பொறகு. 'போட்டுத் தாரேன் ஐயா, பத்து நிமிஷ வேல'ண்டு நான் எத்தனயோ தரம் சென்னேன். அவர் உடவேயில்ல. டாக்டர் நடக்கச் சென்னவராம், நீங்க கட்டில உட்டு எழும்புறல்லயாம். பூட்டு இப்பிடி ஈக்கிறதாலதான் நாளுக்கு ஒருக்காலாவது கீழ எறங்குறீங்களாம். 'மக்கீன், அது சரியாப் போனா அவ மேலயே கிடந்திடுவா, இருக்கட்டும்'ண்டு சென்னாரு."

பாலேஸ்வரி உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இறங்கினது இறங்கினாய், ஏன் திரும்ப ஏறுவான், வா ஒரு சுத்துப் போவம் என்பார். கடற்கரை வீதியால் பம்பலப்பிட்டிவரை போய்த் திரும்புவார்கள். ஒரு பக்கம் கடல், தண்டவாளம். அவள் சமையல் கிடக்கிறது என்று புறுபுறுப்பாள். மீன் வாங்குகிற சாட்டில் அவர் வண்டியை நிறுத்தி, அவளை இறக்கி, ஐம்பது அடியாவது நடக்க வைப்பார். கள்ள மனுசன். இரண்டு வருடமாக அவளுக்கு இது விளங்கவேயில்லை.

அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வந்தது வேறு.

"செவ்வாக்கிழமை எனக்கு ஃபோன் அடிச்சவர், தம்பி," என்றாள். "நான் எடுக்கேல்லை. எனக்குக் கோபம். பூட்டுக்குத்தான் கூப்பிடுறார் எண்டு விட்டிட்டன். பிள்ளைக்கும் சொல்லேல்லை."

மக்கீன் பழைய பூட்டைத் துணியில் சுற்றினார். பிறகு சுற்றியதைப் பிரித்து, சாவியைத் துடைத்துத் திரும்பச் சுற்றினார். அவர் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அதை நம்பியிருக்க மாட்டாள். அவர் சொல்லாததுதான் நல்லதாய்ப் போயிற்று.

"பழசை என்னட்டைத் தாங்கோ," என்று கையை நீட்டினாள். அவர் துணியோடு கொடுத்தார். மடியில் கிடந்த புதுப் பூட்டை அவள் அவரிடம் நீட்டினாள்.

எல்லாரும் தள்ளினார்கள். பிக்கப் பழைய எலும்புகள் முறிகிற சத்தத்தோடு அசைந்து, தூணைத் தாண்டி, ஒழுங்கைக்குள் போய் மதிலோரமாய் நின்றது. அவள் இறங்கவில்லை, இறங்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஒழுங்கை முனையில் மலர்ச்சாலை வண்டி திரும்புவது கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் கஜீவன் வந்து அவளைக் கைபிடித்து இறக்கினான்.

பிக்கப் நின்ற இடத்தில் சீமெந்துத் தரையில் கறுப்பாய் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. சுனில் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. கடைசியில் அதன்மேலேயே தாங்கியை வைத்துப் பெட்டியை இறக்கினார்கள். நாகேந்திரம் பட்டு வேட்டியோடும், யாரோ தலையைப் பிழையான பக்கம் வகிடெடுத்து வாரிவிட்ட கோலத்தோடும் கிடந்தார். பாலேஸ்வரி முதலில் அதைத்தான் சரிசெய்தாள்.

பிறகு எல்லாம் அதனதன் ஒழுங்கில் நடந்தன. ஐயர் அவசரப்படாமலும் சுணங்காமலும் செய்தார். பேரப்பிள்ளைகள் இங்கே இல்லாததால், பந்தம் பிடிக்கப் பக்கத்து மாடிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். லண்டனில் இருந்த மருமகள் தொலைபேசித் திரையில் அழுதாள். சற்குணதேவி ஒப்பாரி வைக்கத் தொடங்கி, சங்கச் செயலாளர் மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததைக் கண்டு குரலைத் தணித்துக்கொண்டாள். வாய்க்கரிசி போட்டார்கள். சந்தனத் தட்டு வந்தபோது பாலேஸ்வரி வழக்கம்போலவே அள்ளி, அவருடைய நெற்றியில் தடிப்பாய் வைத்தாள். அது மூக்கு நுனிவரை வழிந்தது. சற்குணதேவி துடைக்கக் கையைக் கொண்டு வந்தாள்.

"விடுங்கோ மச்சாள். அவருக்கு அது பழக்கம்."

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பெட்டியை மூடப் போகிறோம், கடைசியாய்ப் பார்க்கிறவர்கள் பாருங்கோ என்றார்கள். அவள் பெட்டியின் இடது பக்கத்தில், விளிம்பில் வலது கையை வைத்தபடி நின்றாள். இடது கையில் துணிச்சுருள் இருந்தது. அதை அவருடைய காலடியில், பூக்களுக்குக் கீழே வைத்தாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

மலர்ச்சாலை வண்டி பின்னுக்கு வர வேண்டும். மதிலோரம் நின்ற பிக்கப் அதற்கு இடைஞ்சல். "மக்கீன் நானா, ஒருக்கா எடுத்து விடுங்கோ," என்று கஜீவன் ஒழுங்கைப் பக்கம் குரல் கொடுத்தான். "புதுசு போட்டாச்சு தம்பி, இதோ," என்று பதில் வந்தது.

பிக்கப்பின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாலேஸ்வரியின் கை பெட்டியின் விளிம்பை இறுகப் பற்றி, அவளை அறியாமலே, தன் பக்கம் இழுத்தது.

வெளியே ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அம்மா," என்றான் கஜீவன் மெல்ல. "மூடப் போகினம். கையை எடுங்கோ."

அவளுக்குக் கேட்டது. பெட்டி மூடியைத் தூக்கியபடி இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் இழுத்த கையை விடாமல், பலகைக்குள்ளிருந்து உள்ளங்கைக்கு அந்தச் சின்ன அதிர்வு வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.